தங்கசேரிக் கோட்டைச் சுவர்

பக்கத்து மனையில் வீடு கட்டச் செம்புரைக்கல் இறக்கியிருந்தார்கள். நேற்று அதன்மேல் மழை பெய்ததும் எழுந்த வாடை, பீர்மேட்டில் வாசலில் நின்றிருந்த என்னைக் கொல்லத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

எழுபதுகளில் நான் சிறுமி. அம்மா இறந்த பிறகு, இங்கே எஸ்டேட் வேலைக்குப் போகும் அப்பாவால், தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் என்னைத் தனியாக விட முடியவில்லை. கொல்லத்தில், தங்கசேரிக் கோட்டைக்கு அருகே இருந்த அத்தை வீட்டில் விட அழைத்துப் போனார்.

மாலையில் கோட்டையைக் காட்டினார். செம்புரைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், எங்கள் லயத்து அறை அளவுக்கு அகலமாகத் தெரிந்தது. பாதி இடிந்து, மேலே ஆலங்கன்று முளைத்திருந்தது. அந்தப் பக்கம் துறைமுகத்தில் வள்ளங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"இத யாருப்பா கட்டுனது?"

"போர்த்துக்கீசுக்காரன் கட்டுனான் தாயி. அவங்கிட்டருந்து டச்சுக்காரன் பிடிச்சான். அப்புறம் இங்கிலீசுக்காரன் வந்தான்."

"அவங்கல்லாம் இப்ப எங்க?"

"அவனவன் வீட்டுக்குப் போயிட்டான்."

"நான் எப்பப்பா நம்ம வீட்டுக்குப் போறது?"

அப்பா என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அந்த வயிறு குலுங்கியது.

ஓணத்துக்கு ஓணம் வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் வகுப்பு முடித்ததும் நானே பஸ் ஏறி ஊர் திரும்பினேன். லயத்தில் எனக்காகச் சோறாக்கி வைத்திருந்தார். பாவாடை தாவணியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. உட்காரப் பலகையை எடுத்துப் போட்டுவிட்டு, வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

"சாப்பிடுறீங்களா?"