மூன்றாம் முறை வந்த வெள்ளைப் பூ

அம்மாவின் மார்பில் கட்டி என்று தெரிந்தபோது நான் கோயம்புத்தூரில் புள்ளியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் டாக்டரிடம் நானே பேசினேன். இந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள் என்றார்.

"அது அவங்க," என்றாள் அம்மா, வெளியே வந்ததும். "நான் ஒருத்திதான கண்ணு?"

அவள் தங்கை அறுவைக்குப் போய் வீடு திரும்பாதவள். அம்மாவுக்கு அந்த ஒன்று போதும்.

பலரை வைத்துப் போட்ட கணக்கு ஒருத்திக்குப் பொருந்துமா? எங்கள் துறையில் இரண்டு ஆசிரியர்கள் சாப்பாட்டு வேளையில் இதற்காகத்தான் சண்டை போடுவார்கள். ஒருவர் ஃப்ரீக்வென்டிஸ்ட். உண்மை ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது. பலமுறை நடப்பவற்றுக்கே நிகழ்தகவு உண்டு, ஒற்றை நிகழ்ச்சிக்கு இல்லை என்பார். மற்றவர் பேயீசியன். நிகழ்தகவு என்பது நம் நம்பிக்கையின் அளவு, சான்று வர வர அது மாறும் என்பார்.

அப்பா மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். பூசாரி குலுக்கிப் போட, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தது. மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை வெள்ளை வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சாமி வெள்ளை குடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் பொறப்படு."

"எத்தனாவது வாட்டீங்க?" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் பொய் வராது. "மூணாவது."

"மொத ரெண்டு வாட்டி சாமி தூங்கிட்டு இருந்துச்சாக்கும்."

நான்கூடச் சிரித்துவிட்டேன். வேண்டிய விடை வரும்வரை எடுத்தீர்களா என்று முதல் ஆசிரியரும் இப்படித்தான் மடக்குவார். இரண்டாமவரோ, எப்போது நிறுத்தினால் என்ன, வந்ததைக் கொண்டு நம்பிக்கையைத் திருத்து என்பார். ஆனால் பிழைக்கவே மாட்டேன் என்று தொடக்கத்திலேயே முழுதாக நம்புகிறவளிடம் எந்தச் சான்றைக் கொட்டினாலும் கணக்கு பூஜ்யத்தில்தான் நிற்கும். அதைத் தேர்வில் நிறுவிக் காட்டி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அம்மாவிடம் நாள்கணக்கில் வாதாடினேன். அறுவைக்குக் குறித்த நாள் கடந்துபோனது.

மழைக்காலம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் ஈரல்வரை பரவியிருந்தது. இனி அறுவை இல்லை என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, அப்பா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"நீ என்ன நெனைக்கிற கண்ணு? பொழைச்சுக்குவாளா?"

அவர் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த ஒருத்தியைப் பற்றி, நான் எவ்வளவு நம்புகிறேன் என்று கேட்டார். என்னிடம் ஓர் எண் இருந்தது, மிகச் சிறிய எண்.

"தெரியலீங்கப்பா," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.