இருபதில் உதறும் வண்டி

குறை கண்டுபிடிப்பது என் வேலை. மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். பழுது என்று ஒரு பாகம் திரும்பி வந்தால், அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் காரணம் எழுதக்கூடாது. எங்கள் பிரிவின் முதல் விதி அது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். நைனா என்று கூப்பிடுவேன். முப்பது வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கினார். வாரத்தில் மூன்று நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்குப் போவார். கேட்டால் மீன் வாங்க என்பார். இரண்டு பேர் சாப்பிட வாரத்தில் மூன்று நாள் மீன் எதற்கு? கரையில் அவர் வயதுக்காரர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரோடு ஊர்க்கதை பேசி, நாஸ்தா முடித்து, வெயில் ஏறிய பிறகு திரும்புவார். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கரையில் மட்டும்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வரும்வரை எனக்கு வேலை ஓடாது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. காப்பி டம்ளரைப் பிடிக்கும்போது இடது கை லேசாக ஆடும். ஒருமுறை எங்கள் கேட்டின் தூணில் வண்டியை உரசியிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். "வயசுக்கு உண்டான நடுக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் அவர். அந்த வாக்கியத்தில் முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா, வண்டி உதறுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

"ஸ்பீடா போனா ஒண்ணும் இல்லமா. இருவதுல, ரெண்டாவது கியர்ல உருட்டிகினு போறேன் பாரு, அப்போ உதறுது. வண்டியே நடுங்குது."

நான் ஓட்டிப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பைபாஸில் அறுபதில் ஒரு சுற்று. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

பக்கத்து ஸீட்டில் இருந்தவர், "மெதுவா ஓட்டுமா, மெதுவா ஓட்டுனாதான தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஒண்ணும் இல்ல நைனா, நல்லாதான் கீது" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ ஏறி உக்காரு. பிரேக்க நல்லா அமுத்திக்கோ. மொத கியர் போட்டு கிளட்ச்ச கொஞ்சமா வுடு." செய்தேன். வண்டி குலுங்கியது. முன்னால் அவர் என்ஜினை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாரு, எப்படி எகிறி குதிக்குது பாரு. மவுண்டிங் பூட்சி." என்ஜினைத் தாங்கி நிற்கும் ரப்பர் கட்டைதான் மவுண்டிங். அது கிழிந்தால் என்ஜினின் அதிர்வு நேராக வண்டிக்கு வரும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திறந்த மூடி மட்டும்தான் தெரிந்தது. இறங்கி வந்து எட்டிப் பார்க்க நான்கு எட்டு வைத்திருந்தால் போதும். எந்தப் பழைய வண்டியையும் இப்படி நிறுத்தி இழுத்தால் குலுங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தலையாட்டினேன்.

எனக்கு ஏற்கெனவே விடை தெரிந்திருந்தது. உதறுவது வண்டி இல்லை, அவருடைய கால். கிளட்சை விடும்போது கால் ஆடுகிறது, அவர் பழியை வண்டி மேல் போடுகிறார். அதை நேராகச் சொன்னால் சண்டை வரும். முப்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடிக்காதவர் என்ற பெருமை அவருக்கு. அவராகவே புரிந்துகொண்டு சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு ஒரு வழி வேண்டும் என்று யோசித்தேன். வழி கிடைத்துவிட்டது.

அவர் பத்து வருடமாகப் போகும் மெக்கானிக்குக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன். நைனா நாளைக்கு வண்டி கொண்டுவருவார், மவுண்டிங் மாற்றச் சொல்வார், ஒன்றும் செய்ய வேண்டாம், மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்புங்கள் என்றேன்.

அவர் தயங்கினார். "எதுக்கும் ஒரு தபா வண்டிக்கு கீய பூந்து பாத்துடறேனேமா."

"வேணாம்ணா. வண்டியில ஒண்ணும் இல்ல. அவரு கால்தான் ஆடுது. மாத்தியும் உதறுதுன்னா அவருக்கே புரிஞ்சிடும்."

"அண்ணாத்த பழச கேப்பாரே."

டிரைவர்கள் அப்படித்தான். எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் நகர மாட்டார்கள். மாற்றினேன் என்று சொல்லி ஏமாற்றிவிடக் கூடாதே என்று ஏற்பட்ட வழக்கம். இதே மாதிரி வேறு ஏதாவது வண்டியில் கழற்றியது கிடந்தால் கொடுங்கள் என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது எனக்கு.

மறுநாள் மாலை நான் வீடு திரும்பியபோது அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். செய்தித்தாளில் சுற்றிய கிழிந்த மவுண்டிங்கைப் பிரித்துக் காட்டினார். "நான் சொன்னேன்ல?" என்றார். அதைத் துடைத்து டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார்.

அதற்கடுத்த நாள் கரைக்குப் போய்விட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பியிருக்கிறார். நான் வரும்போது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விடை தெரிந்துகொண்டே கேட்டேன்.

"வண்டி நல்லாதான் கீது" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "காலுதான்மா" என்றார். சாவியை என் கையில் வைத்தார்.

அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமில்லாமல் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு எட்டு மாதம். பஸ்ஸில் போய் வாருங்களேன் என்றேன், போகவில்லை. பஸ்ஸில் பயணியாக உட்கார அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தன் காலையே நம்பாதவர் பஸ் படியில் எப்படி ஏறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரில் கை வைத்துத்தான் நடந்தார். குளியலறைக்குப் போகும் வழியில் சுவரில் அவர் கைபட்ட அழுக்கு ஒரு கோடாகவே படிந்துவிட்டது. சாப்பாடு குறைந்தது. பேட்டரி இறங்காமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வண்டியை எடுத்து பைபாஸில் ஒரு சுற்று வருவேன், என் வழக்கப்படி வேகமாக.

அந்தக் கரை மீன் என்றால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவாரோ என்று ஒரு ஞாயிறு நானே அங்கே போனேன். வலை பிரிக்கும் அவருடைய சிநேகிதர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணாத்த இன்னா, வரதே இல்ல? வண்டி உதறுதுன்னு சொல்லிகினு இருந்தாரே, சரி பண்ணிட்டாரா?"

"காலு சரியில்லண்ணா அவருக்கு."

"காலா?" என்றார் அவர். "கடசியா வந்தன்னிக்குகூட என் கூட இந்த படகுக்கு தோள் குடுத்து தள்ளுனாரே. காலு நல்லாத்தானே இருந்திச்சி."

மீனை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மாமல்லபுரத்துக்குள் சுற்றுலா பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. நகர்ந்தால் ஆள் நடக்கிற வேகம். முதல் தடவையாக அந்த வண்டியை இரண்டாவது கியரில், இருபதுக்கும் கீழே, உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வண்டி உதறியது. ஸ்டியரிங் உதறியது, ஸீட் உதறியது, பக்கத்தில் பையிலிருந்த மீன் உதறியது. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது. என் கால் ஆடவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக மெக்கானிக்கிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் திறந்திருப்பார். வண்டிக்குக் கீழே போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். ரப்பர் முழுக்கக் கிழிந்து, இரும்பும் இரும்பும் உரசிய தடம் பளபளவென்று இருந்தது. "அன்னிக்கே பூந்து பாத்துகினு இருக்கணும். நீ சொன்னியேன்னு வுட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. புதியதைப் போட்டுவிட்டு, பழையதை வழக்கம்போலச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை அவர் மடியில் வைத்து, "வண்டிதான் நைனா உதறிச்சு. மவுண்டிங்தான். இப்போ மாத்திட்டேன்" என்றேன்.

"அத்ததான் போன வருசமே மாத்திட்டமே" என்றார். பிரித்துப் பார்த்தார். ரப்பரை நகத்தால் அழுத்தினார். அது இறுகிப்போய் நகம் இறங்கவில்லை. எழுந்து அலமாரியிலிருந்த பழையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். என்ஜினுக்கு இரண்டு பக்கமும் மவுண்டிங் உண்டு; இவை இரண்டும் ஒரே பக்கத்தவை. "இது எட்டு மாசத்து ரப்பர் இல்லமா."

"மெக்கானிக் ஏமாத்திட்டாரு நைனா."

அந்த நேரத்திலும் எனக்குப் பொய்தான் முதலில் வந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் பத்து வருசமா என் வண்டிய பாக்குறான். தானா இத்த செய்ய மாட்டான். யாராவது சொல்லி இருக்கணும்."

மேலே பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "நான்தான் நைனா சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அந்த இரண்டு ரப்பர் துண்டுகளையும் சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றினார்.

"அப்போ என் காலு ஆடலியா?"

"இல்ல நைனா."

"அன்னிக்கு நல்லாத்தான் இருந்துதா?"

"ஆமா."

சாவியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. மெல்ல எழுந்து, சுவரில் கை வைத்துக்கொண்டு, உள்ளே போனார்.