நான்கு மூலை வெட்டிய ஆன்டெனா

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. காலை பத்தேகாலுக்குச் செல்லக்கிளி அரியமங்கலத்தில் பிச்சமுத்துவின் பட்டறைக்குள் நுழைந்தபோது, அவள் கேட்டிருந்த நான்கு பலகைகளும் பனியன் துணியில் சுற்றித் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் 48 மில்லிமீட்டர் சதுரம்; மேலே செம்புத் தகடு. நான்கையும் சேர்த்துப் பூட்டினால் ஓர் ஆன்டெனா. பத்து சென்டிமீட்டர் கனசதுரமான சிறு செயற்கைக்கோள் ஒன்றின் முகத்தில் அது கச்சிதமாக உட்காரும்.

துணியைப் பிரித்து ஒரு பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, படத்துல செம்புக்கு ரெண்டு மூலைதானே வெட்டச் சொல்லியிருந்தேன்? நாலும் வெட்டியிருக்கே?"

"ஆமாம்மா. மத்த ரெண்டையும் போட மறந்துட்ட போலன்னு நானே எடுத்துட்டேன்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லண்ணே?"

"படிச்ச புள்ளகிட்ட, நீ போட்ட படம் தப்புன்னு எப்படிம்மா சொல்றது? உனக்குச் சங்கடமா இருக்காதா?"

பிச்சமுத்து முப்பத்தொரு வருடம் பாய்லர் உதிரி பாகங்கள் கடைந்தவர். ஒரு மூலையை மழுக்கினால் நான்கையும் மழுக்க வேண்டும் என்பது அவர் கற்ற ஒழுங்கு. வாடிக்கையாளரின் படத்தில் குறை தெரிந்தால் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுப்பது அவருடைய மரியாதை. அந்த மரியாதைதான் இப்போது குடியைக் கெடுத்திருந்தது.

எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் வெட்டினால், பலகையிலிருந்து கிளம்பும் அலை திருகுபோலச் சுழன்றுகொண்டே போகும். செயற்கைக்கோள் விண்ணில் எப்படிப் புரண்டாலும் அதன் பேச்சு தரைக்குக் கேட்கும். நான்கையும் வெட்டிவிட்டால் அலை சுழலாது. செயற்கைக்கோள் ஒருபக்கம் சாய்ந்தாலே பேச்சு அறுந்துபோகும்.

மறுபடி வெட்ட மூலப்பலகை இல்லை. வெளிநாட்டிலிருந்து வர இருபத்துநான்கு நாள் ஆகும். பெங்களூரில் சோதனை அறை கிடைத்திருப்பதோ 13ஆம் தேதி ஒரே ஒரு நாள். அன்று தேறாவிட்டால் வெளிநாட்டு ஆன்டெனாவையே பொருத்திவிடுவோம் என்று அந்தச் செயற்கைக்கோளைச் செய்யும் கம்பெனிக்காரர்கள் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். செல்லக்கிளியின் இரண்டு வருடம் நான்கு மாத உழைப்பு அதோடு முடிந்தது.

அவள் 1987இல் மருங்காபுரியில் பிறந்தவள். வீட்டில் மானாவாரி நிலக்கடலை. பாலிடெக்னிக் முடித்ததும் செல்போன் டவர் வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வருடத்தில் 212 டவர்களில் ஏறி, ஆன்டெனாக்களைத் திசை பார்த்துத் திருப்பி வைத்தாள். இடையில் பகுதிநேரமாகப் படித்து பி.இ. வாங்கினாள். பாலிடெக்னிக் தோழி பெலிண்டா ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில் தொடங்கிய சிறு கம்பெனியில் 2019இல் சேர்ந்தாள். பிறர் செய்த ஆன்டெனாக்களைத் திருப்பியே பழகியவள், தானே யோசித்துச் செய்த முதல் ஆன்டெனா இது.

சனிக்கிழமை காலை அந்த வீட்டு மொட்டை மாடியில் பலகைகளை ஒவ்வொன்றாக அளந்தாள். பதினோரு மணிக்குப் பெலிண்டாவைக் கூப்பிட்டாள்.

"பெலி, இந்த ரீடிங்கைப் பாரு. நாலும் ஒண்ணு மாதிரியே இருக்கு."

"நாலும் ஒண்ணு மாதிரியே தப்பா இருக்குடி."

"தப்புதான். ஆனா நாலுலயும் ஒரே தப்பு, நூல் பிசகல. இதையே வச்சு, ஒவ்வொண்ணையும் முந்தினதைவிடக் கால் சுத்து கூடத் திருப்பிப் பூட்டினா?"

"பூட்டினா?"

"ஒரு பலகையால அலையைச் சுத்த வைக்க முடியாது. நாலும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா, கொஞ்சம் கொஞ்சம் தாமதிச்சுப் பேசினா, நாலும் சேர்ந்து சுத்த வைக்கும்."

பெலிண்டா ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தாள். பிறகு, "தலை சுத்துதுடி எனக்கு. எந்த ஸ்க்ரூவைக் கழட்டணும், அதைச் சொல்லு" என்றாள்.

முதல் பலகை இருந்தபடியே இருந்தது. இரண்டாவதைக் கால் சுற்று, மூன்றாவதை அரைச் சுற்று, நான்காவதை முக்கால் சுற்று திருப்பினார்கள். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகக் கழற்றிப் பூட்ட முடிந்ததால் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. தாமதத்துக்குக் கேபிள்: அடுத்தடுத்த பலகைக்கு 23.7 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். அரை மில்லிமீட்டர் பிசகி இரண்டு செட் கேபிள்கள் வீணாயின. மூன்றாவது செட் செவ்வாய் மாலை நாலு நாற்பதுக்குச் சரியாக அமைந்தது. ஆனால் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அலையைத் திருப்பியடிக்கும் இடத்து அளவை யார் நம்புவார்கள்?

13ஆம் தேதி, பெங்களூர். அலை எவ்வளவு ஒழுங்காகச் சுழல்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அது மூன்றைத் தாண்டக் கூடாது. 1.8 வந்தது. வீச்சு மட்டும் பழைய கணக்கைவிட இம்மி குறைந்தது, அதுவும் எல்லைக்குள்தான். சோதனை அறைக்காரர் இன்னொரு தரம் அளந்தார். மீண்டும் 1.8.

மறுநாள் ஊர் திரும்பிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது செயற்கைக்கோள் கம்பெனியின் மெயில் வந்தது. ஆன்டெனாவை ஏற்றுக்கொண்டோம், இன்னும் மூன்று செயற்கைக்கோள்களுக்கு வேண்டும். மணி பதினொன்று இருபது. பெலிண்டாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அரியமங்கலம் பஸ் ஏறினாள்.

பிச்சமுத்து அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி போனில் சொல்லியிருந்தார்.

"தேறிடுச்சுண்ணே. நீங்க வெட்டின அதே பலகைதான் மேல போகுது. இன்னும் மூணு செட் கேக்குறாங்க."

"நெசமாவா? சும்மா எனக்காகச் சொல்றியா?"

"நீங்க நாலு பலகையையும் ஒரே அளவுல வெட்டலைன்னா தேறியிருக்காதுண்ணே. ஆனா இனிமே கேக்காம வெட்டுனீங்க, நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "மேல போனப்புறம் ஏதாவது கோளாறுன்னா, போய்ப் பாத்து சரிபண்ண முடியுமாம்மா?"

"முடியாதுண்ணே. போனா போனதுதான்."

பிச்சமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். லேத் மேலிருந்த சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணினார்.

"அப்போ அடுத்த படத்தை விரி. ஒவ்வொரு கோடும் எதுக்குன்னு சொல்லு. கேட்டுட்டு வெட்டுறேன்."

செல்லக்கிளி பையைத் திறந்து, பெங்களூருக்குக் கொண்டுபோயிருந்த படத்தை எடுத்தாள். கடைசிக் கோடு வரை பேசி முடித்து அவர்கள் எழுந்தபோது மணி மூன்றே கால் ஆகியிருந்தது.