பையர் கேட்ட வெள்ளை

அருள்புரத்தில் நான் மெர்ச்சண்டைசராக இருக்கும் பனியன் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. உள்ளே சில கோமாளி மீன்கள், உள்ளங்கை அகலத்தில் தவிட்டு நிறப் பவளம் ஒன்று. உயிருள்ள பவளம். அதை வைத்திருப்பதே குற்றம் என்று முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார்.

"நீங்க ராமநாதபுரத்துக் கடக்கரைப் பக்கந்தானுங்களே அம்மிணி. நீங்களே பாத்துக்குங்க."

இந்த ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

துணிக்கு ஆர்டர் கொடுக்கும் பையர்களுக்கு மெயில் போடுவதோடு பவளத்துக்கு ஆயாவாகவும் ஆனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

வெளிநாட்டு பையர் ஒருவர் வருவதாக இருந்தது. தொட்டிக் கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. நான் லீவில் இருந்த அன்று, முதலாளி டையிங் மாஸ்டரை அழைத்துச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார். கறை என்றால் மாஸ்டருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். துணி வெளுக்கும் பெராக்சைடை ஊற்றிவிட்டார்.

திரும்பி வந்தபோது மீன்கள் குப்பைக்கூடையில் கிடந்தன. "கறை போகட்டும்னு கொஞ்சூண்டுதானுங்க ஊத்துனேன்" என்றார் மாஸ்டர். பவளம் மட்டும் மிஞ்சியிருந்தது. நாளுக்கு நாள் நிறம் இறங்கி, ஒருநாள் சுத்தமாக வெளுத்துப்போனது.

எங்கள் ஊரில் கழிவுநீர் வந்து கலக்கும் பக்கம் பவளப்பார் இப்படி வெளுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பவளத்தின் நிறம் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசியுடையது. சோறு போடுவதும் அந்தப் பாசிதான். தண்ணீரில் விஷம் ஏறினால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு தெரிகிற வெள்ளை, தோலுக்கு அடியில் இருக்கும் எலும்பு. உடனே சாகாது, பட்டினி கிடக்கும். நல்ல கடல்நீர் கிடைத்தால் பிழைக்கவும் கூடும்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லி, கோயம்புத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து கடல்நீர் வரவழைக்கக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"ஏனுங்க மாத்தோணும்? இப்பத்தான் பளிச்சுனு இருக்குதுங்க. பையர் வந்துட்டுப் போகட்டும், பாக்கலாமுங்க."

ஆயுசு முழுக்க வெள்ளைத் துணி விற்ற மனிதர். வெளுத்ததெல்லாம் அவருக்குப் பால்.

பையர் வந்தார். தொட்டி முன்னால் நின்றார். கண்ணாடியில் விரல் வைத்து, வரப்போகும் கோடைக்கு டி-ஷர்ட் இந்த வெள்ளையில்தான் வேண்டும் என்றார். முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார்.

"சார், அதுக்கு இன்னும் உயிர் இருக்கு."

"தெரியுமுங்க அம்மிணி. லேப்ல ஷேடு பாத்துட்டு வெச்சுர்றனுங்க."

திரும்ப வைக்கவில்லை. சாயங்காலம் லேப் முழுக்க நாற்றம். மாஸ்டர் அதை மறுபடி பெராக்சைடில் ஊறப்போட்டு, கழுவி, காயவைத்து என் மேஜைக்கு அனுப்பினார். சாம்பிள் துணியின் ஷேடு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து அப்ரூவல் கொடுப்பது என் வேலை.

டையிங்கிலிருந்து சாம்பிள் துணிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் வெளுக்க வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.