சிவப்பு மோட்டார் சைக்கிளின் அடியில்

அல்லாஹ் என்னை உயிரோடு விட்டுவைத்ததால் இதை எழுதுகிறேன். என் மடமையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1961 டிசம்பர், ஒரு வியாழக்கிழமை காலை. மலையில் எல்கடுவ போகும் பாதைக்குக் கீழே, மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குள் மல்லாந்து கிடந்தேன். இடது காலின்மேல் என் மோட்டார் சைக்கிள் கிடந்தது. காலை இழுத்தேன், வரவில்லை. வண்டியைத் தள்ளினேன், அசையவில்லை. நான்தான் சேற்றில் இன்னும் புதைந்தேன். இஞ்சின் சூடு காற்சட்டையைத் தாண்டித் தோலைச் சுட்டது. டாங்கியிலிருந்து பெட்ரோல் சொட்டியது. மேலே ஒரே பனிமூட்டம். எனக்குப் பாதை தெரியவில்லை. பாதையில் போகிறவருக்கு நானும் தெரியமாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. லைசன் எடுத்து ஒன்றரை மாதம், ஆறு கிழமைதான்.

நான் மாத்தளை டவுனில் ரேடியோ திருத்துகிறவன். தோட்டங்களுக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. டவுன் கராஜ் ஒன்றில் இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன. ஒன்று சின்னது, சாம்பல் நிறம், ஒழுங்காக ஓடக்கூடியது. மற்றது, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரை விட்டுச்சென்ற ரேஸ் வண்டி. சிவப்பு டாங்கி. ஹாண்டில் தாழ்ந்திருந்தது. குனிந்து படுத்த மாதிரிதான் ஓட்ட வேண்டும். கராஜ் பாஸ் அதை உதைத்து ஸ்டார்ட் பண்ணியபோது அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

பாஸ் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "தம்பி, இது சரியான பாரம். வேகமும் கூட. நீங்க புதுசு. சின்னத எடுங்க, ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வாங்க" என்றார். விற்கிறவரே வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

கராஜுக்குக் கூட வந்திருந்த வாப்பா, வீடு திரும்பியபிறகுதான் வாய் திறந்தார். "மவன், இஸ்திகாரா தொழுதுட்டு முடிவெடு. எது நல்லம்னு அல்லாஹ்கிட்ட கேளு."

தொழுதேன். எது எனக்கு நல்லதோ அதைக் காட்டு என்று துஆவும் கேட்டேன். ஆனால் கை ஏந்தியிருந்த நேரம் முழுவதும் என் கண்ணுக்குள் நின்றது அந்தச் சிவப்பு டாங்கிதான். மறுநாள், "மனசுக்கு இதுதான் படுது வாப்பா" என்றேன். வாப்பா என்னையே பார்த்தார். "அல்லாஹ் காட்டினதா, நீ பாத்ததா?" என்று கேட்டார். நான் நேரே கராஜுக்குப் போய் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிவிட்டேன்.

அந்த மாதம் எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களில் ஏரியல் கம்பி கட்டும் வேலை கிடைத்தது. தினமும் காலையில் அந்த வளைவுகளில் முழுச் சத்தத்தோடு ஏறுவேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு ஒரு வளைவுக்குள் கட்டுமீறிய வேகத்தில் போய்விட்டேன். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஈரப் பாசியில் டயர் வழுக்கியது. பிறகு நான் பள்ளத்தில்.

கத்தினேன். மேலே ஒரு லொறி போனது. அதன் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு மழை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதலில் முதுகு நனைந்தது. பிறகு தண்ணீர் காதைத் தொட்டது. தலையைத் தூக்கிப் பிடித்தே கழுத்து நடுங்கியது. தொண்டை கட்டிவிட்டது. இங்கேதான் செத்து மையித்தாகக் கிடக்கப்போகிறேன், உம்மாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அழுதேன்.

மீன் வயிற்றுக்குள் அகப்பட்ட நபி, தன் பிழையை ஒப்புக்கொண்டு ரப்பை, படைத்த இறைவனை, அழைத்த துஆ அப்போது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் மனப்பாடம் பண்ணினது. திரும்பத் திரும்ப ஓதினேன். பிறகு என் சொந்தத் தமிழில் சொன்னேன்: "யா அல்லாஹ், ஒன்கிட்ட கேக்கிற மாதிரி கேட்டு ஒன்னையே ஏமாத்தப் பாத்தேன். பிழை என்னோடது. இப்ப எனக்குச் சத்தமும் இல்ல. நீ கேளு." ஆறு கிழமையில் நான் உண்மையாகக் கேட்ட துஆ அது ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மேலே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "ரேடியோ நானா! எங்க கெடக்கிறீங்க?" தோட்டத்தில் என்னை அப்படித்தான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள்.

கையை உயர்த்தினேன். சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தவள் மீனாச்சி என்ற கொழுந்துக்காரி. அவள் கூப்பிட, இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். கூடைக் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து, ஹாண்டிலில் கட்டி, "ஏலேலோ" என்று இழுத்தார்கள். கால் வெளியே வந்தது. அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குச் சாக்கில் என்னைக் கிடத்தித் தூக்கினார்கள்.

முழங்கால் நொறுங்கியிருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மீனாச்சி ஒருநாள் பார்க்க வந்தாள். நான் அங்கே கிடந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மலையில நாங்க நிக்கையில ஒங்க வண்டிச் சத்தம் ஒவ்வொரு வளைவா ஏறி வரும் நானா. அன்னைக்கு பாதியில நின்னுபோச்சு. மத்தவங்க, வண்டி ரிப்பேரா இருக்கும்னாங்க. எனக்குக் கை ஓடல. கங்காணி, போனா இன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்லேன்னாரு. போனா போகட்டும்னு வந்துட்டேன்."

"ஏன் வந்தீங்க?"

"தெரியல நானா. யாரோ போ, போன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். எந்தச் சத்தத்துக்காகப் பிடிவாதம் பிடித்தேனோ, அந்தச் சத்தம் நின்றதையே ரஹ்மானான அல்லாஹ் என் குரலாக ஆக்கிக்கொண்டான். தன் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணின் காதில் அதைப் போட்டான்.

நடக்கத் தொடங்கியபின் மறுபடி இஸ்திகாரா தொழுதேன். இந்தமுறை கண்ணுக்குள் எந்த வண்டியும் இல்லை. வண்டியே வேண்டாம் என்று வந்தாலும் சம்மதம் என்றுதான் கேட்டேன். மனம் அமைதியாகச் சின்ன வண்டியின் பக்கம் சாய்ந்தது. அதில்தான் பல வருடம் மலைக்குப் போனேன். மீனாச்சி வேலை செய்யும் மலையைக் கடக்கும்போதெல்லாம் ஹோர்ன் அடிப்பேன். அவள் கை காட்டுவாள்.

இடது கால் இன்றும் மடங்காது. பள்ளிவாசலில் அதை நீட்டிக்கொண்டே தொழுகிறேன். சகோதரர்களே, எந்தப் பள்ளத்தில் நீங்கள் அகப்பட்டிருந்தாலும் ரப்பைக் கூப்பிடுங்கள். விரும்பியதை மனதில் ஒளித்துவைத்துக்கொண்டு கேட்காதீர்கள். வெறுங்கையாகக் கேளுங்கள். குரலே போனவனையும் அவன் கேட்டான்.