முழங்கால் உயரத்து விளக்கு

வில்லியனூரில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்தே தலை நரைத்தவன் நான். பேட்டரி வெடித்துப் பார்த்திருக்கிறேன். ஒயரிங் பற்றிக்கொண்ட வேனுக்குள் கையை விட்டிருக்கிறேன். அதெல்லாம் தொழிலில் சகஜம். ஆனால் கரும்பு வெட்டு நேரத்தில், இருட்டிய பிறகு, உறுவையாறு ரோட்டில் போகச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பயம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. கார் வந்தது

கலிவரதன் அண்ணன் உறுவையாற்றில் பெரிய கரும்பு விவசாயி. ஒரு நாள் மகள் தமிழரசியோடு கடைக்கு வந்தார். வந்த காரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்துத் துரைமார் ஓட்டிய மாதிரி இரண்டே சீட்டு, நீண்ட பானெட், மடக்குகிற துணிக் கூரை, முட்டைக்கண் மாதிரி இரண்டு ஹெட்லைட். பார்க்கத்தான் பழசு. பழைய என்ஜின் ஒன்றை வைத்து யாரோ புதிதாகக் கட்டிய வண்டி. உட்கார்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொடலாம்.

தமிழரசிக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். ஆசைப்பட்டு வாங்கியது அவள், பயப்படுவது அப்பா.

“இது ஒரு லைட்டா பாய்? மின்மினிப் பூச்சி கணக்கா கீது. புள்ள வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்க மாட்டுது. இருக்கறதுலயே நல்லதா பாத்துப் போடு” என்றார்.

“அப்பாவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் மாமா” என்றாள் தமிழரசி.

“பயப்படட்டும்மா. பயப்படறவங்க வூட்டுலதான் வண்டி ஒழுங்கா இருக்கும்” என்றேன். ரொம்பத் தெரிந்தவன் மாதிரி சொல்லிவிட்டேன்.

2. சுவரில் எல்லாம் சரி

வண்டியைப் பிரித்தால் ஒயரிங் நூல் கணக்காக இருந்தது. மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் லைட்டு எங்கே எரியும்? பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்தேன். ப்யூஸ் வைத்து, ரிலே போட்டு, ஏழு இன்ச் ரவுண்டில் எல்.இ.டி. புரொஜெக்டர் மாட்டினேன்.

பிறகு அலைன்மென்ட். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறக்கினேன். புரொஜெக்டரில் டிப் போட்டால், அதாவது வெளிச்சத்தைத் தாழ்த்தினால், அதன் மேல் விளிம்பு கத்தியால் நறுக்கியது போல நிற்கும். கட் ஆஃப் என்போம். அதற்குக் கீழே பட்டப்பகல், மேலே அமாவாசை. எதிரில் வருகிறவன் கண் கூசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மற்றக் கார்களில் அந்த விளிம்பு தொடை உயரத்துக்காவது இருக்கும். இந்தக் காரிலோ ஹெட்லைட்டே முழங்கால் உயரத்தில். விளிம்பும் முழங்காலோடு சரி.

சுவரில் அது அழகாகத்தான் இருந்தது.

3. உறுவையாறு ரோடு

பொழுது சாய்ந்து நான் மக்ரிப் தொழுதுவிட்டு வந்ததும் டெஸ்ட் பார்க்கப் புறப்பட்டோம். தமிழரசி ஓட்டினாள், கூரையை மடித்துவிட்டிருந்தாள். எனக்கு ஏறி உட்கார்ந்ததிலிருந்தே பயம். பக்கத்தில் போகும் லாரிச் சக்கரம் தோளுக்கு நேராகச் சுற்றினால் யாருக்குத்தான் பயம் வராது?

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. லேசாகப் பனி இறங்கியிருந்தது. எதிரில் ஒரு பைக் வர, மரியாதையாக டிப் போட்டாள். பைக் போன பிறகும் டிப்பிலேயே ஓட்டினாள். ரோட்டில் கிடந்த சின்னக் கல்லின் நிழல்கூடத் தெரிந்தது.

“சூப்பர் மாமா, ரோடு அப்படியே பளிச்சுனு கீது.”

எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது வெளிச்சத்தின் நுனியில் ஒரு பச்சைக் கொத்து தெரிந்தது. வேப்பங்கிளை. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு.

“எவனோ ஆட்டுக்கு ஒடிச்சது வுழுந்து கெடக்குது” என்று அவள் வேகத்தைக் குறைக்காமலே சொன்னாள்.

கிளைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் தெரிந்தது. தள்ளி இன்னொரு கல். நம் ஊர்ப் பக்கம் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் டிரைவர்கள் செய்வது இதுதான்: பின்னால் கிளையை ஒடித்துப் போட்டுக் கல்லை வைப்பார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகும் கல் அங்கேயே கிடந்து யாரையாவது சாய்க்கும். அதற்காக நான் திட்டாத திட்டில்லை.

“நிறுத்து பாப்பா, நிறுத்து” என்று கத்தினேன்.

டயர் கீச்சிட்டு, வண்டி இழுத்துக்கொண்டு போய்க் கிளையின் மேல் ஏறி, என்ஜின் அடங்கி நின்றது. என் கன்னத்தில் ஏதோ உரசியது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கரும்பு. முன் கண்ணாடிக்கு மேலாகக் காருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று தமிழரசியின் நெற்றிக்கு நேராக, ஒரு சாண் தள்ளி நின்றது. எங்கள் பானெட் முழுக்க, ஒரு டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கரும்பு லோடுக்கு அடியில் இருந்தது. சேறு அப்பிய அதன் டயர்கள் முன்னால் தள்ளி, ரோட்டு நிறத்திலேயே நின்றன. நான் மாட்டிய விளக்கோ அந்த லோடுக்குக் கீழே தார் ரோட்டை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது.

தமிழரசி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வரப்பு மேலிருந்து டிராக்டர் டிரைவர் ஓடி வந்தான். ஏழுமலை என்று பெயர். “டயர் பஞ்சர் பாய். டவர் கெடைக்கலன்னு செல்போன தூக்கிக்கினு அப்பால போனேன்” என்றான்.

“பின்னால ஒரு லைட்டு இல்ல, ஒரு செவப்பு ஸ்டிக்கர் இல்ல. யாரு வண்டிடா இது?” என்று திட்டினேன்.

அவன் காருக்குள் இருப்பது யாரென்று அப்போதுதான் பார்த்தான். “நம்ம வண்டிதான் பாப்பா” என்றான், குரல் இறங்கி. “போன வெட்டுலயே டெயில் லைட்டு புட்டுக்குச்சு. அய்யாகிட்ட சொன்னேன். கழனிக்கும் ஆலைக்கும் போற வண்டிக்கு இன்னாத்துக்குடா லைட்டுன்னாரு.”

தமிழரசி அவனை அப்பாவைக் கூட்டிவர அனுப்பினாள். காரைப் பின்னால் எடுக்கலாம் என்றேன். “அப்பா வந்து பாக்கட்டும் மாமா” என்றாள். நான் பின்னால் போய் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் டார்ச்சை ஆட்டினேன். வாய் தானாக துவா ஓதிக்கொண்டிருந்தது.

கலிவரதன் அண்ணன் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து மகளின் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தார். பிறகு ஏழுமலையை அடிக்கக் கையை ஓங்கினார்.

“அவன ஏன் அடிக்கற? அவன் போட்ட கெளையாலதான் நான் உசுரோட கீறேன். இங்க வந்து உக்காருப்பா” என்று தமிழரசி இறங்கி இடம் விட்டாள்.

உட்கார்ந்தார். கரும்பு அவர் நெற்றிக்கு நேராக நின்றது. கீழே வெளிச்சத்தைப் பார்த்தார், மேலே இருட்டைப் பார்த்தார். அந்தக் கரும்பைக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் குலுங்கி அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் நான் கடை திறக்கும்போது அவருடைய டிரெய்லர்கள் வாசலில் வரிசையாக நின்றன. “மொதல்ல இதுங்களுக்குப் போடு பாய், அப்பறமா காரு” என்றார். காரில் புரொஜெக்டரைக் கழற்றி, விளிம்புக்கு மேலேயும் கொஞ்சம் வெளிச்சம் சிதறுகிற பழைய மாதிரி ரிப்ளெக்டரை மாட்டினேன். ரிலேயும் தடித்த ஒயரும் இருந்ததால் அதுவே போதுமான வெளிச்சம் தந்தது.

இப்போதும் சுவரில் கோடு போட்டுத்தான் அலைன்மென்ட் பார்க்கிறேன். ஆனால் தாழ்வான வண்டியாக இருந்தால், கோட்டுக்கு மேலே நெற்றி உயரத்தில் ஒரு கரும்பையும் கட்டித் தொங்கவிடுவேன். டிப்பில் அது தெரியாமல் சாவியைக் கொடுப்பதில்லை. அப்படியும் என் பயம் போகவில்லை. அதனால் நல்ல ஹெட்லைட் போடச் சொல்லி யார் வந்து நின்றாலும் முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: “வூட்ல வேற இன்னா வண்டி கீது? அதுக்குப் பின்னால லைட்டு எரியுதா?”