பேத்திக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

பிரெஞ்சு வினைச்சொற்களும் மலாய் மாதிரிதான் என்று நம்பிய முட்டாள் நான். சாப்பிடுவதற்கு மக்கான் என்றால் எப்போதும் மக்கான். முன்னால் 'சுடா' போட்டால் சாப்பிட்டாயிற்று, 'அக்கான்' போட்டால் இனிமேல்தான். சொல் பாட்டுக்கு ஆடாமல் நிற்கும்.

அந்தத் துணிச்சலில், பிரான்சில் வாழ்க்கைப்பட்ட என் மகளிடம் "ஒரே மாசத்துல பேசிருவேன்" என்று அளந்துவிட்டேன். ஐந்து வயதுப் பேத்திக்கு அந்த மொழி மட்டும்தான் தெரியும்.

பிறகுதான் பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையைத் திறந்தேன்... நான் பேசுவதற்கு ஒரு வால், நாம் பேசுவதற்கு வேறு வால். நேற்றைக்கு, நாளைக்கு, பேசினால் தேவலையே என்று ஏங்குவதற்குக்கூடத் தனி வால். இவைதாம் ஒழுங்கான வினைகளாம். தமிழிலும் அதே கூத்துதானே என்று கேட்பீர்கள். ஐம்பத்திரண்டு வருடமாகப் பேசுகிறேன், எனக்கு அது தெரியவே இல்லை.

பேசுவதைக் குறிக்கும் 'பார்லே' ஒன்றை மட்டும் குளியலறைக் கதவில் ஒட்டி, எல்லாக் காலத்திலும் மனப்பாடம் செய்து, தொலைபேசியில் மகளிடம் ஒப்பித்தேன். அசந்துபோனாள்.

விடுமுறைக்குப் பேத்தியோடு மலேசியாவில் எங்கள் ஊரான மெர்போக் வந்தவள் கேட்டாள்: "அப்பா, இவ பேசறது உங்களுக்கு வெளங்கும்தானே? சிங்கப்பூர்ல மூணு நாள் வேல இருக்கு."

"கவலப்படாம போம்மா. நான் இருக்கேன்லா."

இரண்டாம் நாள் காலை, பேத்தி கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்லுது புள்ள?" என்றாள் மனைவி.

"தூக்கம் வருதாம்."

"இப்பதானே எழுந்திரிச்சா?"

"பிரான்சுல இப்ப ராத்திரிலா."

மாலையில் அழுதாள். அம்மா ஞாபகம் என்று மொழிபெயர்த்தேன். மறுநாள் கத்தினாள். ஐஸ்கிரீம் என்றேன், வாங்கியும் கொடுத்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அதையே சொன்னது... நான் "வீ, வீ", ஆமாம் ஆமாம் என்று பிரெஞ்சில் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

மகளை அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே... லோரி ஓட்டிப் பிழைத்தவனுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் எந்த மானம் போகும், சொல்லுங்கள்?

மகள் திரும்பியதும் பேத்தி அவளைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். மகளின் முகம் மாறியது.

"அப்பா, காது வலிக்குதுன்னு ரெண்டு நாளா உங்ககிட்ட சொன்னாளாம். நீங்க சரி சரின்னீங்களாம்."

கிளினிக்கில் பார்த்தபோது செவிப்பறை கிழிந்து சீழ் வடிந்திருந்தது.

"ரொம்ப வேகமா பேசிட்டாம்மா. அந்த ஒரு வார்த்த மட்டும்தான் வெளங்கல" என்றேன்.

மகள் நம்பிவிட்டாள்.